டைட்டானியத்தையும் விட்டுவைக்காத கடல் பாக்டீரியா

கடல் நீரில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் துருவேறாத உலோகம் என்று டைட்டானியத்துக்குப் பெயர். கடலோர மின் நிலையங்கள் பல, விலை கூடுதல் என்று தெரிந்தும் டைட்டானியக் குழாய்களுக்கு மாறியது அந்த நம்பிக்கையில்தான். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா அந்த நம்பிக்கையை இப்போது அசைத்துப் பார்க்கிறது.

டைட்டானியத்தின் பலமெல்லாம் அதன் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம்தான். தடிமன் சில நானோமீட்டர். கீறினாலும் உடனே மூடிக்கொள்ளும். ஆனால் பாக்டீரியா கூட்டமாக ஒட்டிக்கொண்டு, வழவழப்பான ஒரு போர்வையை அதன் மேல் விரித்துவிடுகிறது. போர்வைக்கு அடியில் இருக்கும் இரசாயனச் சூழலே வேறு. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா வளர்ந்த நீரில் டைட்டானியத்தை 14 நாள்கள் வைத்துப் பார்த்தனர். படலத்தில் தரம் குறைந்த வேறோர் ஆக்சைடும் கலந்திருந்தது. ஆக ஆழமான குழி 1.2 மைக்ரோமீட்டர்.

தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். காக்கும் படலத்தோடு ஒப்பிட்டால் அது நூறு மடங்குக்கும் மேல். ஆய்வுக்கூடக் கணக்கை அப்படியே கடலுக்குப் பொருத்த முடியாது என்பதும் உண்மை. நாளைக்கே குழாய்கள் பொத்துக்கொள்ளப் போவதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முன்பு பயன்பட்ட செம்புக் கலவைக் குழாய்களில் செம்பே கிருமிக்கு விஷம். டைட்டானியம் உயிருக்கு இதமானது. அதனால்தான் மருத்துவர்கள் அதை எலும்பிலும் பல்லிலும் பொருத்துகிறார்கள். அதே இதம் பாக்டீரியாவுக்கும் கிடைக்கிறது. டைட்டானியத்தில் கடல் உயிரிகள் ஒட்டுவதைத் தமிழ்நாட்டின் கல்பாக்கம் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர்.

நம் நாட்டிலும் மஞ்சோங், போர்ட்டிக்சன் மின் நிலையங்கள் கடல் நீரைக் கொண்டுதான் நீராவியைக் குளிர்விக்கின்றன. எந்த உலோகக் குழாயானாலும் குளோரின் கலப்பதும், பஞ்சுப் பந்துகளை உள்ளே ஓடவிட்டுத் தேய்ப்பதும்தான் வழக்கமான வைத்தியம். குளோரினை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. வெளியேறும் நீர் கரையோர மீன்களிடம்தான் போகிறது.

"டைட்டானியம்தானே" என்று பரிசோதனையைத் தள்ளிப்போடும் நிர்வாகம்தான் பாக்டீரியாவைவிட ஆபத்து. குழாய்ச் சுவரே சுமார் அரை மில்லிமீட்டர். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் கடல் உப்பு கொதிகலன் நீருக்குள் போய்விடும்.