பைக் எமர்ஜென்சி கிட்: அதைத் திறக்கப்போவது நீங்களா?

சனிக்கிழமை விடிந்தால் ஏலகிரி, கொல்லிமலை, ஈ.சி.ஆர் என்று பைக்குகள் கிளம்பிவிடுகின்றன. ஹெல்மெட்டில் கேமரா, ஹேண்டில்பாரில் மொபைல் ஹோல்டர். சீட்டைத் திறந்தால்? கம்பெனி கொடுத்த ரெண்டு ஸ்பேனரும் பழைய இன்சூரன்ஸ் ஜெராக்ஸும்தான்.

இதற்காக, ரெடிமேடாக விற்கும் 'ரைடர் கிட்' ஒன்றை அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. முதல் காரணம் டயர். அந்தப் பைகளில் பெரும்பாலும் இருப்பது டியூப்லெஸ் பஞ்சர் கிட். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைச் சுத்தம் செய்து, ரப்பர் ஸ்ட்ரிப்பைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால், ஸ்போக் வீல் பைக்குகள் பலவற்றில் உள்ளே டியூப் இருக்கும். டயரின் பக்கவாட்டில் 'டியூப்லெஸ்' என்றே எழுதியிருந்தாலும் இருக்கலாம்! அங்கே ஸ்ட்ரிப் வேலைக்கு ஆகாது. ஸ்பேர் டியூப், டயர் லீவர், வீலைக் கழற்றும் ஸ்பேனர் எல்லாம் வேண்டும். எந்த டயராக இருந்தாலும் காற்றடிக்க ஒரு சின்ன பம்ப் கட்டாயம். பம்ப் இல்லாத பஞ்சர் கிட் வெறும் சுமை.

மற்றபடி, உங்கள் மாடலுக்கான கிளட்ச் கேபிள், ஸ்பேர் ஃபியூஸ், இன்சுலேஷன் டேப், ஒரு டார்ச். இது போதும்.

மருந்துப் பைதான் முக்கியம். பஞ்சர் ஒட்டப்போவது நீங்கள். ஆனால் நீங்கள் விழுந்து கிடந்தால், மருந்துப் பையைத் திறக்கப்போவது முன்பின் தெரியாத ஒருவர். அதைச் சீட்டுக்கு அடியில் சாவி போட்டுப் பூட்டி வைத்து என்ன பயன்? பேக்பேக்கின் வெளிப்பக்கம், சிவப்பு பிளஸ் குறியோடு, பார்த்தவுடன் தெரிகிற மாதிரி வையுங்கள். உள்ளே பத்து பேண்ட்-எய்டு இருப்பதைவிட, ரத்தம் கொட்டும் இடத்தை அழுத்திப் பிடிக்க தடிமனான காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், கையுறை, ஜீன்ஸை வெட்டும் அளவுக்குக் கனமான கத்தரிக்கோல் இருப்பது மேல். மாத்திரைகளையும் சீட்டுக்கு அடியில் வைக்காதீங்க, மே மாதச் சூட்டில் கெட்டுப்போகும்.

ரத்த வகை, அலர்ஜி, வீட்டு நம்பர் மூன்றையும் போனின் லாக் ஸ்கிரீன் எமர்ஜென்சி தகவலில் பதிவு செய்யுங்கள். போன் உடைந்துவிட்டால்? அதே விவரம் ஒரு சீட்டில் சட்டைப் பையிலும் இருக்கட்டும்.

உதவ வருபவர் தயங்குவது பெரும்பாலும் போலீஸ், கேஸ் பயத்தில்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, அரசு வைத்துள்ள வரம்புக்குள் இலவச சிகிச்சை உண்டு. குரூப் ரைடு போகிறவர்கள் இதையும் பேசிவிட்டுக் கிளம்பலாம். 108-ஐ யார் அழைப்பது, மருந்துப் பை எங்கே இருக்கிறது, நினைவிழந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்கக் கூடாது என்பது உட்பட. பின்சீட்டில் வருபவரிடமும் சொல்லிடுங்க.