பணிவிடைத் தருமத்தின் யோக்கியதை

நமது நாட்டில் ஒருவருடைய உழைப்பைக் கூலி கொடாமல் வாங்கவேண்டுமானால் அதற்குத் தருமம் என்று பெயர் வைத்துவிட்டால் போதும். வாங்குகிறவனுக்கு வெட்கமில்லை, கொடுக்கிறவளுக்குக் கேட்க வாயுமில்லை. வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குச் செய்யும் பணிவிடை இந்த வகையைச் சேர்ந்ததேயாகும்.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கின்றது. பெரியவருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருஷமாகின்றது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருதரம் அவரைப் புரட்டிவிட வேண்டும். இரவென்றால் புண் காத்திருக்குமா? மலஜலம் எடுப்பது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் இளைய மருமகள் ஒருவரே. மகன்கள் இருவர். மூத்தவர் வருஷந்தோறும் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர். இளையவரோ நம்மவர், மாநாடு எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். அவர் உடுத்துவதும் கறுப்பு, இவர் உடுத்துவதும் கறுப்பு. இரண்டையும் துவைத்துப் போடுகிறவர் அந்த அம்மாள்! செங்கல்பட்டில் தன் தங்கை கல்யாணத்துக்கு ஒரு நாள் போய்வர அவருக்கு வழியில்லை. "நான் போனால் யார் பார்ப்பது?" என்று நம்மைக் கேட்டார். நம்மவர் தலையைக் குனிந்துகொண்டார். நமக்கும் பதில் தோன்றவில்லை.

குஷ்டரோகியான புருஷனைக் கூடையில் சுமந்து தாசி வீட்டுக்குக் கொண்டுபோன நளாயினியைப் பத்தினி என்று புராணிகர்கள் புகழ்கின்றார்கள். அந்தக் கூடையை அரை நாழிகை மாற்றிச் சுமக்க ஓர் ஆளை அவர்கள் காட்ட முடியுமா?

சர்க்கார் சட்டம் மட்டும் என்ன? 2007-ம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிடுகிறவர்களுக்கு 3 மாதம் வரை ஜெயில் என்கின்றது. பராமரிக்கவேண்டிய பிள்ளைகள் என்று அது சொன்னது மகன், மகள், பேரன், பேத்திகளையே; மருமகளை அல்ல. சட்டத்தில் கடமை மகனுக்கு, வீட்டில் வேலை மருமகளுக்கு! கைவிடாதவளுக்கு ஒரு நாள் ஓய்வு என்று அதில் ஒரு வரியுமில்லை.

வெள்ளைக்காரனும் இதில் யோக்கியனல்ல. பிரிட்டனில் நோயாளியைப் பார்த்துக்கொள்வோருக்கு 1976-ல் உதவித்தொகை ஏற்படுத்தியபோது கல்யாணமான பெண்களை விலக்கினார்கள். அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது நியாயம்! தாயாருக்காக வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்னும் அம்மையார் போட்ட வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986-லேதான் அத்தடை ஒழிந்தது.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸுகள் வீடு தேடி வருகின்றார்கள். நல்ல காரியமே. ஆனால் அவர்கள் வருவது நோயாளிக்காக. அவர்கள் போனபின் மிச்சமுள்ள நேரம் யாருடையது?

தாம்பரத்துக்கு இது புரியாத விஷயமல்ல. வீட்டில் வைத்திருக்க ஜனங்கள் பயந்த க்ஷயரோகிகளுக்காக 1928-ல் டாக்டர் சௌரிமுத்து இங்கே சானடோரியம் கட்டினார். ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். இன்று தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் இருக்கின்றன. வார்டுக்கொரு கூடமும், வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து முறைமாற்றப் பழக்கப்பட்ட இரண்டு ஆட்களும் கேட்கின்றோம். அதற்குச் சம்பளம் கொடுக்கவேண்டும். அதையும் "சேவை" என்று சொல்லி வேறு ஏழைப் பெண்களின் தலையில் கட்டக் கூடாது.

அதுவரையில் நம் தோழர்கள் கூடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. படுக்கையைப் புரட்ட ஆண் கைக்கும் தெரியும். அடுத்த மாநாட்டுக்குச் சேலையூர்த் தோழர் வரவேண்டாம். அந்த அம்மாளை அனுப்பிவைக்கட்டும்.