குளிசை போட்டியா எண்டு கேக்காதேங்கோ

எச்.ஐ.வி. பற்றி எங்கட கம்பஸில் நடக்கிற கருத்தரங்குகள் 'தொற்றாமல் இருப்பது எப்படி' என்பதோடு முடிந்துவிடும். தொற்றியவர் ஒருவர் எங்களோடு அதே ஹொஸ்டலில் படுக்கலாம் என்பது கதையிலேயே வராது. அவருக்குத் தினமும் குளிசை. இலங்கையில் அரச கிளினிக்குகளில் அது இலவசம். ஒழுங்காகப் போட்டு, வைரஸ் இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உடலுறவால் மற்றவருக்குத் தொற்றாது. விட்டு விட்டுப் போட்டால், பிறகு அந்த மருந்துக்கே வைரஸ் அடங்காமல் போகலாம்.

ஃபோனில ஒரு அப் போட்டால் சரிதானே என்பார்கள். இரவு எட்டு மணிக்கு 'மருந்து நேரம்' எண்டு திரையில் விழுந்தால், பக்கத்துக் கட்டில்காரன் சும்மா இருப்பானா?

கென்யாவில் செய்தது எங்களுக்குப் பிடித்திருக்கிறது. 2010இல் லான்செட்டில் வந்த ஆய்வு, 538 பேர். (எல்லாரும் எங்கட வயதுக்காரர் இல்லை.) வாரம் ஒருக்கா ஒரு எஸ்.எம்.எஸ்.: 'மாம்போ?' சுவாஹிலியில், 'எப்பிடி இருக்கிறாய்?' அவ்வளவுதான். யார் எட்டிப் பார்த்தாலும் அதில் நோயும் இல்லை, மருந்தும் இல்லை. 'சாவா' எண்டால் சுகம், 'ஷிடா' எண்டால் பிரச்சினை. பிரச்சினை எண்டவருக்கும் பதில் போடாதவருக்கும் கிளினிக்கில் இருந்து கோல் வரும். செய்தி கிடைத்தவர்களில் 62 வீதமானோர் மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னார்கள். கிடைக்காதவர்களில் 50 வீதம்.

அந்தக் கோல்தான் முக்கியம் எண்டு நினைக்கிறோம். இங்கே அப் செய்யக் காசு ஒதுக்குகிறவர்கள், கோல் எடுக்கிற ஆளுக்கும் சம்பளம் ஒதுக்கவேணும். தமிழில கதைக்கக்கூடிய ஆளாகவும் இருக்கவேணும்.