முதலில் பையன், பிறகு பேட்டி!

அதியமான்கோட்டையில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். கால்பந்து நன்றாக ஆடுகிறான். ஒரு நாள் சென்னையில் இருந்து ஒரு கல்லூரி கோச் வருகிறார். "எங்களிடம் சேர்ந்து கொள். படிப்பு இலவசம். சாப்பாடும் இலவசம்" என்கிறார். அப்பாவுக்கு ஆனந்தம். அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீர்.

மறுநாள் பேப்பரில் கோச்சின் பேட்டி வருகிறது. "நாளைய நட்சத்திரம்" என்று பையனின் படம்! செல்போன் மூலம் ஊர் முழுவதும் பரவுகிறது.

இரண்டு வாரம் கழித்துப் பையனுக்கு முழங்காலில் அடி. கோச் போனை எடுப்பது இல்லை. மற்ற கல்லூரிகளில் இடம் நிரம்பிவிட்டது. பேப்பரில் வந்த படம் மட்டும் சுவரில் தொங்குகிறது.

இது கதைதான். ஆனால், நடக்கக் கூடிய கதை.

அமெரிக்காவில்

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து பெரிய வியாபாரம். (அங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் தூக்கிக் கொண்டு ஓடும் ஆட்டம்!) பல மாநிலங்களில் கவர்னரைவிடக் கல்லூரி கோச்சுக்குச் சம்பளம் அதிகம். 2021-ம் ஆண்டு முதல் மாணவர்களும் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறலாம்.

அப்படிப்பட்ட ஊரிலும் நீண்ட காலமாக ஒரு விதி உண்டு. பையன் கையெழுத்துப் போடும்வரை, "அவனைக் கவனித்து வருகிறோம்" என்பதற்கு மேல் கோச் பத்திரிகையிடம் பேசக் கூடாது. நல்ல விதி. பணத்தில் புரளுகிறவர்களுக்கே அது தேவைப்பட்டது என்றால், நமக்கு வேண்டாமா?

ரகீம் செய்தது

நம் நாட்டிலும் ஒரு கோச் இருந்தார். பெயர் சையது அப்துல் ரகீம். ஐதராபாத்துக்காரர். பள்ளிக்கூட வாத்தியார். அவர் பயிற்சி கொடுத்த ஐதராபாத் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அரை இறுதிவரை போனது. அதற்கும் அவர்தான் கோச்.

1962-ல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டி. தடுப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி. தையல் போட்டார்கள். ரகீம் அவரை ஊருக்கு அனுப்பிவிடவில்லை. முன்வரிசைக்கு மாற்றி ஆட வைத்தார். கோல்கீப்பர் தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார். இறுதி ஆட்டத்துக்கு அவரையே இறக்கினார்.

செப்டம்பர் 4-ந் தேதி. எதிரே தென் கொரியா. கூட்டம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. பி.கே.பானர்ஜி ஒரு கோல் போட்டார். இன்னொரு கோல் போட்டது யார்? தலையில் தையலோடு ஆடிய ஜர்னைல் சிங்! 2-1 என்று தங்கம் வந்தது.

அப்போதே ரகீமுக்குப் புற்றுநோய். 1963 ஜூனில் இறந்துவிட்டார். அவருடைய கதை 2024-ல் 'மைதான்' என்ற இந்திப் படமாக வந்தது. உயிரோடு இருந்தபோது அவருக்கு அத்தனை விளம்பரம் இல்லை.

எழுதிக் கொடுக்கட்டும்

பத்திரிகையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பேப்பரில் பெயர் வந்தால்தான் அணிக்குப் பந்தும் பனியனும் வாங்கிக் கொடுக்க யாராவது முன்வருவார்கள். கோச்சின் கஷ்டம் கோச்சுக்கு.

ஆனால், பையனின் அம்மாவிடம் பேசியதைக் கல்லூரி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு இலவசம்? விடுதிக்கு யார் பணம் கட்டுவது? அடிபட்டால் வைத்தியச் செலவு யாருடையது? ஆட முடியாமல் போனாலும் படிப்பு தொடருமா? பெண்பிள்ளை என்றால், விடுதியில் யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இதைக் கேட்கப் பெற்றோர் வெட்கப்பட வேண்டியது இல்லை. ஆடு வாங்கும்போதே பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம்!

காகிதத்தில் கையெழுத்து ஆகட்டும். பிறகு கோச் படம் எடுத்துக் கொள்ளட்டும், பேட்டியும் கொடுக்கட்டும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பையனுக்கு முதலில் பந்தைக் கொடுத்த வாத்தியாரையும் படத்தில் பக்கத்தில் நிறுத்திக் கொள்ளட்டும்.