ஒரே லேகியம், ஆறு பக்கங்கள்



சென்ற மாதம் திருவையாற்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகளுக்கு இந்த ஆண்டு தலை தீபாவளி. நம் இதழில் பல வருடங்களுக்கு முன் வந்த தீபாவளி லேகியக் குறிப்பு வேண்டுமென்று கைப்பேசியில் தேடியிருக்கிறார். கூகுள் நம் இணையதளத்துக்குத்தான் அழைத்துவந்திருக்கிறது. ஆனால் வந்து நின்றது ஒரு நாலு வரித் துணுக்கில். ‘கண்டந்திப்பிலி எவ்வளவு என்றுகூட இதில் இல்லை. அந்தப் பெரிய கட்டுரையை எடுத்துவிட்டீர்களா?’ என்று கேட்டிருந்தார்.

எடுக்கவில்லை. பத்திரமாக அங்கேயேதான் இருந்தது. நம்முடைய மற்ற ஐந்து பக்கங்கள் அதற்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்தன.

இது எப்படி நேர்ந்தது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும். அச்சில் தீபாவளி மலருக்குத் தீபாவளி மலர் லேகியம் எழுதுவது வழக்கம்தான். போன வருட மலர் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். புதிதாக வாசிக்க வருபவர்களும் இருப்பார்கள். இணையத்தில் எந்த இதழும் பழைய பேப்பருக்குப் போவதில்லை. எல்லா வருடத்து மலர்களும் ஒரே அலமாரியில், ஒரே தலைப்போடு நிற்கின்றன. ‘தீபாவளி லேகியம் செய்வது எப்படி?’ என்ற தலைப்பில், ஒரு சொல் கூடக் குறைய, நம் தளத்தில் ஆறு பக்கங்கள் இருந்தன.

தேடுபொறியின் அடிப்படை, நம் பழந்தமிழ் நூல் பதிப்புகளின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போன்றதுதான். எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். அந்தப் பட்டியலில் எந்தப் பக்கத்தை முதலில் காட்டுவது என்பதில்தான் எல்லாச் சிக்கலும். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1972இல் ஓர் அழகான விடை சொன்னார். எல்லா ஆவணங்களிலும் இறைந்து கிடக்கும் சொல்லைவிட, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லுக்கு அதிக எடை கொடுங்கள் என்றார். நம் ஆறு பக்கங்களிலோ பெரும்பாலும் அதே சுக்கு, அதே மிளகு, அதே ஓமம், அதே வெல்லம். சொற்களைக் கொண்டு இவற்றில் சிறந்தது எது என்று பிரித்தறிவது எந்த இயந்திரத்துக்கும் கடினம்.

அப்போது மற்ற அடையாளங்கள் முன்னுக்கு வருகின்றன. 1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கி பிரின்னும் வெளியிட்ட யோசனை, ஒரு பக்கத்துக்கு வெளியிலிருந்து வரும் சுட்டிகளை ஓட்டுகளாக எண்ணுவது. மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பும் கூடுதல். இன்று கூகுள் பார்க்கும் அடையாளங்கள் ஏராளம். ஆனாலும் சுட்டிகளுக்கு இன்னும் இடமுண்டு. நம் லேகியத்தை விரும்பிய சிலர் முதல் கட்டுரைக்குச் சுட்டி கொடுத்தார்கள், சிலர் மூன்றாவதற்கு, சிலர் ஐந்தாவதற்கு. நாமும் நம் மற்றக் கட்டுரைகளிலிருந்து கைக்கு அகப்பட்ட பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தோம். ஒரே வீட்டிலிருந்து ஆறு பேர் தேர்தலில் நின்றால் என்னாகுமோ அதுதான் ஆனது. தேடுபொறித் துறையில் இதைக் ‘கீவேர்ட் கேனிபலைசேஷன்’ என்கிறார்கள், தன் இனத்தையே தின்பது என்ற பொருளில். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஓட்டுப் பிரிதல் என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கிவிடும்.

இதற்காகக் கூகுள் தண்டிக்கிறது என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஏமாற்றும் நோக்கமில்லாமல் ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருப்பதற்குத் தண்டனை இல்லை என்று 2008லேயே அந்நிறுவனம் விளக்கிவிட்டது. ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் பக்கங்களில் ஒன்றைத் தேர்ந்து காட்டும். அது நாம் விரும்பும் பக்கமாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் வருத்தம். ஆறு இருந்தால் ஆறும் மேலே வரும் என்ற கணக்கும் தப்பு. ஒரே தளத்திலிருந்து முன்வரிசையில் பொதுவாக இரண்டுக்கு மேல் காட்டுவதில்லை என்று 2019 ஜூனில் அறிவித்தார்கள்.

கூகுள் சர்ச் கன்சோலில் ‘தீபாவளி லேகியம்’ என்ற தேடலை மட்டும் பிரித்தெடுத்து, அதற்கு நம் பக்கங்களில் எவை தோன்றின என்று பார்த்தோம். ஒரு வாரம் ஒன்று, மறுவாரம் வேறொன்று என்று நான்கு பக்கங்கள் மாறி மாறி வந்திருந்தன.

உடனே ஐந்தையும் நீக்கிவிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு வந்தது. நான் சம்மதிக்கவில்லை. ஆறையும் உட்கார்ந்து படித்தோம். நான்கு பக்கங்கள், சிறு கைப்பக்குவ வித்தியாசங்களைத் தவிர, முதல் கட்டுரை சொன்னதையே சொல்லின. ஐந்தாவது வேறு விதம். லேகியத்தை ஏன் விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடித்ததும், பலகாரத்துக்கு முன்னால் சாப்பிடுகிறோம் என்பதைப் பற்றியது அது. தலைப்பை மட்டும் நாங்கள்தான் பிழையாக வைத்திருந்தோம். சொற்கள் ஒன்றாக இருப்பது குற்றமில்லை. லேகியத்தைப் பற்றி எழுதினால் லேகியம் என்ற சொல் வரத்தான் செய்யும். படிக்க வருபவரின் கேள்வி ஒன்றாக இருந்து, அதற்கு நான்கைந்து அரைகுறைப் பதில்கள் இருப்பதுதான் குறை. அந்த ஐந்தாவது பக்கத்துக்குச் சரியான தலைப்பு வைத்து, செய்முறைக்கு அங்கிருந்து ஒரு சுட்டியும் கொடுத்துவிட்டோம்.

மற்ற நான்கின் முகவரிகளையும் 301 என்னும் நிரந்தர மாற்றத்தின் மூலம் முதல் கட்டுரைக்குத் திருப்பியிருக்கிறோம். வீடு மாறியவரின் கடிதத்தைத் தபால்காரர் புது வீட்டில் சேர்ப்பது போல. பழைய சுட்டியை நீங்கள் சேமித்து வைத்திருந்தாலும் சரியான இடத்துக்கே போவீர்கள். பிரிந்து கிடந்த ஓட்டுகளும் அங்கே சேரும். கூகுள் இதைக் கவனித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகலாம்.

எனக்கு மனக்கஷ்டம் இருந்தது வேறு இடத்தில். அந்த நான்கு குறிப்புகளையும் எழுதியவர்கள் நம் வாசகிகள். ஒருவர் உலர்ந்த சுக்குக்குப் பதில் பச்சை இஞ்சியை அரைத்துச் சாறெடுத்துக் கிளறுகிறார். இன்னொருவர் கடைசியில் நெய்யோடு நல்லெண்ணெயும் விட்டு, ஆறிய பிறகே தேன் சேர்க்கிறார். இவை அந்தந்தக் குடும்பத்தின் கைப்பக்குவம். இவற்றை முதல் கட்டுரையின் கீழே, எழுதியவர் பெயரோடும் ஊரோடும் சேர்த்திருக்கிறோம். யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் தயங்காமல் எழுதுங்கள், மறுநாளே சேர்த்துவிடுகிறோம்.

அடுத்து அதிரசம், அதற்கடுத்து கார்த்திகைப் பொரி என்று வரிசை வைத்திருக்கிறோம். அதிரசத்துக்கு மட்டும் நம்மிடம் ஒன்பது பக்கங்கள்.

திருவையாற்று வாசகிக்குச் சுட்டி அனுப்பியாயிற்று. கண்டந்திப்பிலியின் அளவை முதல் வரிக்கே கொண்டுவந்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்