பளபளப்பை நம்பாதே, மருமகனே!

சென்ற மாதம் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து அக்காள் மகன் போன் செய்தான். "மாமா, ஈப்போவில ஒரு எம்ஜிபி விலைக்கு வந்திருக்கு. 1972 மாடல். ஒரே ஓனர். இருபது வருஷமா போர்ச்சிலேயே நிக்குது. கூட வர்றீங்களா?" அவன் கையில் இருப்பது கல்யாணத்துக்குச் சேர்த்த பணம். அதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எம்ஜிஆரைத் தெரியும், எம்ஜிபி யார் என்பவர்களுக்கு: 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் அது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். மருமகன் பார்த்தது கூரையை மடக்கி வைக்கும் ரகம்.

ஈப்போ போய்ப் பார்த்ததும் பையன் முகம் வாடிவிட்டது. பெயிண்ட் வெளுத்து, சீட் வெடித்து, எங்கும் தூசு. எனக்கோ சந்தோஷம். யாரும் கை வைக்காத கார் பொய் சொல்லாது. விற்பதற்காக ஸ்ப்ரே அடித்த காரில்தான் புட்டிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். தகரமென்றால் ஒட்டும், புட்டி தடிமனாக இருந்தால் நழுவி விழும்.

இந்தக் காருக்குத் தனி சாசி கிடையாது, பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கூரையும் இல்லாததால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' எனும் தகரப் பெட்டிதான் அதன் முதுகெலும்பு. அது மூன்று அடுக்குத் தகரம். உள் அடுக்கு துருப்பிடித்துப் போயிருக்க, வெளித் தகடு மட்டும் அழகாக நிற்கும். சிலர் பழைய துருவின் மேலேயே புதுத் தகடு ஒன்றை வெல்டிங் செய்து விற்றுவிடுவார்கள்.

அதனால் முதலில் கதவின் இடைவெளியைப் பார்க்க வேண்டும். மேலே குறுகி, கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்கிறது என்று அர்த்தம். பிறகு ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூட வேண்டும். சிக்கினால் சில் போய்விட்டது. (ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்!)

இடது கதவு சுகமாகத் திறந்தது. வலது கதவு அசையவே இல்லை.

சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரிப் பெட்டியிலும் டார்ச் அடித்தோம், அடியில் தரை தெரிந்தது. இன்ஜினைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றினோம், சுற்றியது. பிரேக் குழாய்கள் எப்படியும் புதிது போட வேண்டியவைதான். சாசி எண்ணும் இன்ஜின் எண்ணும் கிராண்டோடு ஒத்துப்போயின. இல்லையென்றால் பெயர் மாற்றும்போது சிக்கல் வந்திருக்கும்.

பாகம் கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் 1988 முதல் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். செலவெல்லாம் வெல்டிங் கூலிதான். அதற்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரு மதிப்பு வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேள் என்றேன். உரிமையாளரின் மகன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நேற்று மருமகனுக்கு நிச்சயித்த பெண் எனக்கு போன் செய்தாள். "மாமா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மழை பெய்தா அந்தக் கூரை ஒழுகுமா?"

ஒழுகும் என்றேன்.