பூட்டுக்குள் ஒரு மருந்து

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் குடும்பத்தார் விசாரிப்பது சர்ஜனைப் பற்றித்தான். எத்தனை வருஷ அனுபவம், கைராசி எப்படி, பில் எவ்வளவு வரும்? மயக்க மருந்து கொடுக்கப் போவது யார் என்று கேட்பவர்கள் அபூர்வம். கேட்டாலும் முழு மயக்கமா, பாதி மயக்கமா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். பத்து வருஷம் கழித்து இடுப்பு வலித்தால் மட்டும் அவர் நினைவுக்கு வருவார். "அன்றைக்கு முதுகில் ஊசி போட்டார்களே, அதிலிருந்துதான்" என்பார்கள். ஆய்வுகள் இந்தப் பழியை உறுதி செய்யவில்லை. ஆனாலும் பழி போகவில்லை.

வலியைப் பற்றிய நம் மனோபாவமே விசித்திரமானது. கத்தி படாமல் குழந்தை பிறந்தால் அதற்குச் சுகப்பிரசவம் என்று பெயர். பத்து மணி நேரம் அலறியவளுக்கு அதில் என்ன சுகம் என்று யாரும் கேட்பதில்லை. வலியைத் தணிக்க ஊசி கேட்கும் பெண்ணுக்கு, "நாங்களெல்லாம் பெறவில்லையா?" என்ற பதில் மாமியாரிடமிருந்து வரும், சில சமயம் நர்ஸிடமிருந்தும் வரும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குணமல்ல. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து, வலியில்லாமல் அறுவை செய்ய முடியும் என்று ஊரறியக் காட்டினார்கள். மறு வருஷமே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்க ஆரம்பித்தபோது, வேதனையோடு பெற வேண்டும் என்பது கடவுள் கட்டளை என்று எதிர்ப்பு கிளம்பியது. 1853ல் விக்டோரியா மகாராணியே குளோரோஃபார்மை முகர்ந்து பிள்ளை பெற்ற பிறகு அந்தக் குரல் தணிந்தது.

இன்றைக்கு ஆபரேஷன் மேஜையில் வலியைப் பொறுத்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை. அந்த மேஜையை விட்டு இறங்கிய பிறகுதான் நியாயம் மாறுகிறது. ஒரு மணி நேர அறுவைக்கு அத்தனை ஜாக்கிரதையாக வலியை அகற்றும் மருத்துவம், ஆறு மாதம் புற்றுநோயில் துடிப்பவரை, "இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று அனுப்பிவிடுகிறது.

இந்த முரண்பாட்டைக் கேள்வி கேட்டவர் ஒரு மயக்க மருந்து நிபுணர் என்பதில் ஆச்சரியமில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், தன்னை மாற்றிய ஒரு சம்பவத்தைப் பொதுமேடைகளில் சொல்லியிருக்கிறார். புற்றுநோய் வலியோடு வந்த ஒருவருக்கு நரம்பில் ஊசி போட்டார். வலி நின்றது. டாக்டருக்குத் திருப்தி. இனி வரத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார். தன் நோய் குணமாகாது என்பது அந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு திரும்பியவர் அன்றிரவே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பின் வலி போயிருந்தது. மனிதரின் வலியை யாரும் விசாரிக்கவில்லை.

1993ல் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களும் சேர்ந்து கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சிகிச்சைக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2003ல் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 'பாலியம் இந்தியா' என்ற அறக்கட்டளையை ராஜகோபால் நிறுவினார். அதன் பயிற்சி நிலையத்தை 2012ல் உலக சுகாதார நிறுவனம் தன் கூட்டு மையமாக அங்கீகரித்தது. மலையாளத்தில் இந்தச் சிகிச்சைக்குச் சாந்த்வன பரிசரணம் என்று பெயர். சாந்த்வனம் என்றால் ஆறுதல்.

ஆறுதல் வார்த்தை மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். கடுமையான புற்றுநோய் வலிக்கு மருத்துவம் அறிந்த முக்கியமான மருந்து மார்ஃபின். மாத்திரையாக விழுங்கலாம், விலையும் அதிகமில்லை. 1986லேயே உலக சுகாதார நிறுவனம் இதற்கு எளிய வழிமுறை வகுத்துவிட்டது. முடிந்தவரை வாய் வழியே கொடு; வலி வந்த பிறகு அல்ல, கடிகாரம் பார்த்துக் கொடு; சாதாரண மாத்திரையில் தொடங்கி, கேட்காவிட்டால் படிப்படியாக மேலே போ.

மார்ஃபின் அபினியிலிருந்து வருகிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ அதே செடியின் காய்ப்பால்தான் அபினி. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் அரசு உரிமம் பெற்று அதைப் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் உள்ளன. காஜிப்பூர் ஆலை 1820லிருந்து நடக்கிறது. மற்ற நாடுகளின் வலி தீர அபினியை ஏற்றுமதி செய்த தேசம், தன் நோயாளிக்கு ஒரு மாத்திரை கொடுக்க முடியாமல் விழித்தது.

காரணம், 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போட்ட வலையில் டாக்டர்களும் மருந்துக் கடைக்காரர்களும் மாட்டிக்கொள்வார்களோ என்ற பயம் பிறந்தது. கணக்கில் சின்னப் பிசகு வந்தாலும் பத்து வருஷம் சிறை என்று நடுங்கினார்கள். பல மாநிலங்களில் மார்ஃபின் வாங்க நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. எல்லாம் ஒரே சமயத்தில் செல்லுபடியாக வேண்டும். கடைசி உரிமம் கைக்கு வருவதற்குள் முதல் உரிமம் காலாவதியாகிவிடும். விளைவு, 1985க்கும் 1997க்கும் இடையே நாட்டின் மார்ஃபின் உபயோகம் 97 சதவீதம் சரிந்தது. 1997ல் தேசம் முழுவதற்கும் செலவானது வெறும் 18 கிலோ.

பயத்துக்கு ஆதாரம் உண்டா என்று கோழிக்கோட்டுக்காரர்கள் பார்த்தார்கள். வீட்டுக்கு மார்ஃபின் கொடுத்தனுப்பப்பட்ட 1,723 நோயாளிகளை இரண்டு வருஷம் கவனித்து, முடிவை 2001ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மருந்து தவறான கைக்குப் போனதாகவோ, தவறாக உபயோகிக்கப்பட்டதாகவோ ஒரு சம்பவமும் தென்படவில்லை.

நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2015ல் மார்ஃபின் உள்பட ஆறு மருந்துகள் அத்தியாவசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அனுமதி போதும் என்றானது.

அலமாரியின் பூட்டு திறந்தது. மனசின் பூட்டு அத்தனை சுலபமாகத் திறக்கவில்லை. இந்தியாவில் தேவைப்படும் வலி மருந்தில் 4 சதவீதம்தான் நோயாளிக்குக் கிடைக்கிறது என்று 2017ல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. முப்பது வருஷம் மார்ஃபினைத் தொடாமலே படித்துத் தேறிய டாக்டர்கள், அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் தயங்குகிறார்கள்.

குடும்பத்தின் தயக்கம் வேறு விதம். "பழக்கமாகிவிடுமே" என்பது முதல் பயம். உடல் ஒரு மருந்துக்குப் பழகுவது வேறு, மனிதன் போதைக்கு அடிமையாவது வேறு. பழகிய உடலுக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம். "மார்ஃபின் என்றால் முடிவு நெருங்கிவிட்டது" என்பது இரண்டாவது பயம். வலிக்கு ஏற்ற அளவில், கவனித்துக் கொடுக்கும் மார்ஃபின் சாவை விரைவுபடுத்துவதில்லை. அதன் தீராத தொல்லை மலச்சிக்கல்தான். அதற்குக் கூடவே மருந்து கொடுத்தாக வேண்டும். மூன்றாவது பயம் வாய்விட்டுச் சொல்லப்படாதது. வலி விதிப்பயன், அனுபவித்துத் தீர்க்க வேண்டியது என்ற நம்பிக்கை அது. இந்த நம்பிக்கை பெரும்பாலும் மற்றவர் வலியைப் பற்றித்தான் வருகிறது. தன் பல் வலிக்கும்போது யாருக்கும் விதி நினைவுக்கு வருவதில்லை.

அமெரிக்காவைப் பார்க்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1996ல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ நிறுவனம், அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்றது. 2007லும் 2020லும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. சாதாரண முதுகு வலிக்கும் மாத்திரையை வாரி இறைத்ததால் அங்கே ஏராளமான உயிர்கள் போயின. அது லாபம் செய்த கொடுமை. இங்கே நடந்தது பயம் செய்த கொடுமை. ஒன்றுக்குப் பரிகாரம் மற்றொன்று ஆகாது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று தெரிந்து, கணக்கு வைத்து, கூடவே இருந்து கொடுப்பதுதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள வழி.

அந்த வழி நடைமுறைக்கு ஒத்துவரும் என்று கேரளம் காட்டியிருக்கிறது. 2008ல் அந்த மாநில அரசு வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது; இந்தியாவில் அதுவே முதல். பஞ்சாயத்துகள் பணம் ஒதுக்க, நர்ஸ்கள் வீடு தேடிப் போகிறார்கள். கூடவே உள்ளூர்த் தொண்டர்களும் போகிறார்கள். புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள், மருந்து சரியாகப் போகிறதா என்று பார்க்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஊசியால் மட்டும் தீராத வலிக்கு ராஜகோபால் தேடிய மருந்து இதுதான்.

எல்லை தாண்டினால் தமிழ்நாடு. சட்டம் இங்கேயும் அதேதான், நோயும் அதேதான். குறைவது கேட்கும் பழக்கம். டாக்டரிடம் பிழைப்பாரா என்று கேட்கிறோம், எத்தனை நாள் என்று கேட்கிறோம், செலவு எவ்வளவு என்று கேட்கிறோம். இவருடைய வலிக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதையும் கேட்கலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. படுக்கையில் கிடப்பவர் கேட்க நினைத்து, தெம்பில்லாமல் விட்ட கேள்வி.